நெல் மெசினில் கோதுமை

இப்போது வருகிற அறுவடை மெசின்களில் கண்ணாடி அறை இருக்கிறது, ஏர்கோன் இருக்கிறது, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே ஒரு திரையும் இருக்கிறது. பின்னால் எவ்வளவு மணி வீணாகக் கொட்டுகிறது என்று அந்தத் திரையே சொல்லிவிடுகிறது. எங்கள் பட்டறைப் பையன்கள் போன மாதம் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

“இது இல்லாம நீங்க எப்படிண்ணே இத்தன வருசம் ஓட்டுனீங்க?”

“பயந்துகிட்டே ஓட்டுனேன்லா.”

சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அதில் ஒரு வசதி உண்டு. உண்மையைத் தைரியமாகச் சொல்லலாம், யாரும் நம்பமாட்டார்கள். “எழுதிக் கொடுங்கண்ணே, படிக்கிறோம்” என்றான் ஒருவன். சரி, எழுதுகிறேன். பழைய மெசினை நினைத்து நான் ஏங்குகிறேன் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏர்கோன் நல்லது. தலைக்கு மேல் ஒரு குடையை மட்டும் கட்டிக்கொண்டு, வைக்கோல் தூசியில் உடம்பெல்லாம் அரிக்க அரிக்க நாளெல்லாம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ஏர்கோன் மிக நல்லது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனையை நட்டபோது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாக வேலைக்குப் போனோம். நான் ஈப்போவில், மெங்லெம்புப் பக்கம் இருந்த இந்தப் பட்டறைக்கு வந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிரீஸ் அடித்தேன். கேட்ட ஸ்பேனரை விட்டு வேறு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். பிறகு கேட்ட ஸ்பேனரையே எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

பட்டறையின் வேலை என்னவென்றால், ஐரோப்பாவில் கோதுமை அறுத்து அறுத்துக் கிழமான பெரிய மெசின்கள் கப்பலில் வரும். அந்த ஊர்க்காரர்கள் இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டவை. நாங்கள் அவற்றைப் பிரித்துக் கழுவி, நெல் அறுக்கிற மாதிரி மாற்றுவோம். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் புதையாமல் இருக்க இரும்புப் பட்டை போடுவோம். கதிர் அடிக்கிற டிரம்மையும் மாற்றுவோம். கோதுமைக்கு வரி வரியாகப் பட்டை வைத்த டிரம், நெல்லுக்கு முள் வைத்த டிரம். பிறகு சிவப்புப் பெயிண்ட் அடித்தால் கிழவி கல்யாணப் பெண் ஆகிவிடுவாள். பருவம் வந்ததும் பாரிட் புந்தார், பாகான் செராய் என்று வயல் வயலாக ஓட்டிக்கொண்டு போவோம்.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். குள்ளமானவர், குரலும் சின்னது. முப்பது வருஷத்துக்கு மேல் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் ஒருமுறைகூடக் கத்திக் கேட்டதில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிற முதலாளியிடம் ஒரு சௌகரியம் உண்டு, திட்டு முடிந்ததும் விஷயமும் முடிந்துவிடும். தவுக்கே பேசாமல் நின்று பார்ப்பார். அது முடியவே முடியாது.

வயலில் அவருடைய முறை ஒன்று உண்டு. மெசின் கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தச் சொல்வார். எல்லாரும் மேலே ஏறித் தொட்டியில் விழுந்திருக்கும் நெல்லைப் பார்ப்போம். அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். மெசினுக்குப் பின்னால் போய்க் குந்தி, கீழே விழுந்த வைக்கோலையும் பதரையும் இரண்டு கையாலும் அள்ளி, லேசாக ஊதுவார். பதர் பறந்துவிடும். உள்ளங்கையில் மிஞ்சுகிற மணிகளைப் பார்ப்பார். அதிகம் என்றால் என்னிடம் கையை நீட்டிக் காட்டுவார். அவ்வளவுதான். நான் போய்க் காற்றைக் குறைக்க வேண்டும், சல்லடையைத் திறக்க வேண்டும், அல்லது டிரம்முக்கும் அடித்தட்டுக்கும் நடுவே கதிர் அடிபடுகிற இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். எது என்று அவர் சொல்லமாட்டார். மறுபடியும் ஓட்டி, மறுபடியும் அள்ளி, மறுபடியும் ஊதி, கையில் ஒன்றிரண்டு மணி மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் இந்தப் பூசை நடக்கும்.

பாகான் செராயில் ஒரு நாள் நல்ல வெயிலில் அறுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் சுழல்கிற சட்டம் கதிரோடு சேர்த்து ஒரு மலைப்பாம்பையும் தூக்கித் தட்டில் போட்டது. என் காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரம். நான் யோசிக்கவே இல்லை. குதித்தேன். வரப்பில் விழுந்து, எழுந்து, வாய்க்காலைத் தாண்டி, அடுத்தவர் வயலுக்குள் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாம்பைத் தவிர யாரும் இல்லை.

தவுக்கே அதன் பக்கத்திலேயே நடந்தார். ஓடவில்லை, நடந்தார். ஏணியைப் பிடித்து ஏறி, சாவியைத் திருப்பி, நிறுத்தினார். பாம்பு தானாக இறங்கிப் போனது. அதற்கு என்னைவிட வெட்கம் அதிகம் போலிருக்கிறது. நான் திரும்பி வந்து நின்றேன். அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “லு லொம்பாட், மெசின் சியாப்பா ஜாகா?” என்றார். நீ குதித்துவிட்டாய், மெசினை யார் பார்த்துக்கொள்வது? கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டார்.  அதன் பிறகு நான் எதற்கும் குதிக்கவில்லை. பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பயத்தை உட்கார வைத்து ஓட்டப் பழகிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எவ்வளவு கெடுதல் செய்யலாம் என்பது என் கடைசி வேலையில்தான் தெரிந்தது.

முதுகுவலிக்காக டாக்டர் என்னை மெசினை விட்டு இறங்கச் சொல்லியிருந்த சமயம். ஈப்போவில் விறகடுப்பு வைத்து ரொட்டி சுடுகிற ஹனிபா பாய் பட்டறைக்கு வந்தார். தவுக்கேயின் காலை ரொட்டி அவருடைய கடையிலிருந்துதான் வரும். பாய்க்கும் என் வயசுதான் இருக்கும். தாப்பாவுக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களை வெட்டிய ஒரு பழைய தோட்டத்தில், செம்பனை நடும் முன்பு சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கேட்டு வாங்கி, அதில் கோதுமை போட்டிருந்தார். நெல்லும் ரப்பரும் விளைகிற பேராக்கில் கோதுமை. நான் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“எல்லாரும் சிரிச்சாச்சு மாணிக்கம், நீங்களும் சிரிச்சுக்குங்க” என்றார். “எங்க அடுப்பு இங்க, வெறகு இங்க, தண்ணி இங்க, திங்கிறவனும் இங்க. மாவு மட்டும் கப்பல்ல வருது. ஒரு தடவையாச்சும் எல்லாமே இங்கேருந்தே வரணும்னு ஓர் ஆசை.”

முதல் வருஷம் குருவிகள் தின்றுவிட்டன. சில பிடி விதைதான் மிச்சம். அந்த விதையைப் பெருக்கி மறுபடியும் போட்டார். அது இந்த வெக்கையைக் கொஞ்சம் தாங்கியது. ஆனால் அரிவாளால் அறுத்துக் கட்டி வைத்து, அடிப்பதற்குள் மழை பிடித்து, கட்டிலேயே முளைத்துவிட்டது. ஒரு மூட்டை தப்பியது. அந்த ஒரு மூட்டையை முழுதாக இந்தத் தடவை விதைத்திருந்தார். கையில் ஒரு மணிகூட மிச்சம் வைக்கவில்லை. மெசின் இருந்தால் அறுப்பதும் அடிப்பதும் ஒரே நாளில் முடியும், மழைக்கு முன்னால் மூட்டை கட்டிவிடலாம். அதற்காகத்தான் வந்திருந்தார்.

“இதுவும் போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“இந்த வெத போனா வேற வெத இல்ல. விட்டுருவேன். கப்பல் மாவே போதும்.”

தவுக்கே தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லையில் குவிந்து கிடந்த பழைய இரும்பைக் காட்டி, அதில் கோதுமை டிரம் ஒன்று இருக்கும், எடுத்து மாட்டு என்றார் என்னிடம். இந்த மெசின் பிறந்தது கோதுமை தின்பதற்கு, நாம்தான் சோறு தின்னப் பழக்கினோம், ஒரு நாளைக்கு அதன் சாப்பாட்டைத் தின்னட்டும் என்றும் மலாயில் சொன்னார். டிரம்மை மாட்டினேன், சல்லடையை மாற்றினேன். லாரியில் ஏற்றித் தாப்பாவுக்குக் கொண்டுபோனோம். அவ்வளவு சின்ன நிலத்தில் அவ்வளவு பெரிய மெசின் இறங்கியதைப் பார்க்கத் தோட்டமே வந்துவிட்டது.

கோதுமை முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனாலும் கதிர் நிறைந்து, வெயிலில் பொன் நிறமாக நின்றது. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முனியம்மா அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். முன்பு அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர். குருவி விரட்டப் பாய் அவரை வைத்திருந்தார். இந்தத் தடவை ஒரு குருவிகூடப் பசியாறியதில்லை என்று பாயே சொன்னார்.

“இவ்ளோ பெருசா கொண்டாந்திருக்கியே தம்பி, இதத் திருப்பறதுக்கு எடம் எங்க இருக்கு?” என்றார் அக்கா.

“திருப்பமாட்டேங்க்கா. நேரா ஈப்போவுக்கே போயிருவேன்.”

பனி காயும் வரை காத்திருந்தோம். பாய் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். டக்கென்று உடைந்தது. தலையை ஆட்டினார். ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினேன். இந்த இடத்தில் நான் பின்னால் போய்க் குந்தி அள்ளியிருக்க வேண்டும். புதுப் பயிர், என்ன வருகிறது பார்ப்போம் என்ற ஆசையில் தொட்டிக்குள் கையை விட்டேன். கையில் வந்தது அம்மண மணி. உமி இல்லை, தோல் இல்லை. மொட்டையாக, பழுப்பாக, பளபளவென்று.

படிக்கிறவர்களுக்கு இதில் என்ன பயம் என்று தோன்றும். நெல் அறுக்கிறவனைக் கேளுங்கள். நெல் தொட்டியில் உமி உரிந்த மணி தெரிந்தால், டிரம்மின் இடைவெளி இறுகிவிட்டது, மெசின் நெல்லை நசுக்குகிறது என்று அர்த்தம். ஆலையில் எடுக்கமாட்டார்கள். வயல்காரன் வந்து நிற்பான். தவுக்கே பார்த்துக்கொண்டு நிற்பார். முப்பது வருஷமாக அந்த நிறத்தைக் கண்டாலே என் கை தானாக டிரம்மின் இடைவெளியைத் திறக்கப் போய்விடும். இங்கே ஒரு கையளவு முழுவதும் அந்த நிறம். ஒன்றுகூட உமியோடு இல்லை.

வரப்பைப் பார்த்தேன். பாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தேன். மனுஷனின் கடைசி விதையை நசுக்கிவிட்டேன். அவர் ஏதோ கத்தினார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த பிடியை இழுத்து இடைவெளியை அகலத் திறந்தேன். சரிசெய்கிறேன் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு ஓட்டினேன். அடுத்துத் தொட்டியில் அள்ளியபோது சில மணிகள் தோலோடு வந்தன. உயிர் வந்தது. இன்னும் திறந்தேன். இப்போது நிறைய மணி உடுப்பு மாட்டிக்கொண்டு, நெல்லைப் போலவே மரியாதையாக வந்தது. தொட்டி மெதுவாகத்தான் நிறைந்தது. பயிர் சின்னது, அவ்வளவுதான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டிக்காரன்டா மாணிக்கம் என்றும் சொல்லிக்கொண்டேன். அப்படியே நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நான் வாழ்நாளெல்லாம் சப்பாத்தி தின்றவன். கோதுமை எப்படி இருக்கும் என்று என் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும், அது மொட்டையாகத்தான் வர வேண்டும். கைக்குத்தான் தெரியவில்லை. இதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். வேலை தெரியாதவனுக்குப் பயம் வந்தால் கை நின்றுவிடும். வேலை தெரிந்தவனுக்குப் பயம் வந்தால் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எந்த வேலை என்று கேட்டுக்கொண்டு செய்யாது. பழகிய வேலையைச் செய்துவிடும்.

முனியம்மா அக்கா மெசினுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பால் வாளி. அறுக்கிற கத்திக்கு எதிரே யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். பிரேக்கை மிதித்து எஞ்சினை நிறுத்தினேன். அக்கா வாளியைச் சாய்த்துக் காட்டினார். முழுக் கதிர்கள், மணி உதிராமல், வாளி நிறைய.

பால் வெட்டுகிறவர்கள் மரத்தில் ஒட்டியதையும் தரையில் சிந்தியதையும் விடாமல் பொறுக்கிப் பழகியவர்கள். அக்கா சும்மா இருக்க முடியாமல் மெசினுக்குப் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஏன் தம்பி, நீ அறுக்கிறியா, இல்ல அடுத்த போகத்துக்கு வெதச்சிக்கிட்டுப் போறியா?”

இறங்கிப் பின்னால் போனேன். வைக்கோல் வரிசை நெடுக, நான் திறந்த இடைவெளியில் அடிபடாமல் நழுவிய கதிர்கள் அப்படியே கிடந்தன. குந்தி அள்ளினேன். ஊத வேண்டிய தேவையே இல்லை. மெசினைத் துரத்தி ஓடிய பாய் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“எதுக்கு மாணிக்கம் மாத்துனீங்க? மொதல்ல உங்க கையில அவ்ளோ சுத்தமா வந்துச்சேலா.”

“நீங்கதான பாய் தலையில கை வச்சிக்கிட்டு ஓடி வந்தீங்க?”

“அது சந்தோசத்துல வந்தேன்.”

“சந்தோசத்துக்கு யாராச்சும் தலையில கை வப்பாங்களா?”

“எங்க வீட்ல எல்லாரும் வப்போம்.”

நான் மெசினின் ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காதான் என் தோளைத் தட்டி மலைப் பக்கம் கையைக் காட்டினார். கேமரன் மலைக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நிலத்தில் பாதிக்கு மேல் இன்னும் நின்றது. அறுத்ததில் பெரும்பங்கு தரையில் கிடந்தது.

“எதை முதல்ல பாக்கிறது பாய்? கெடக்கிறதையா, நிக்கிறதையா?”

பாய் தரையில் கிடந்ததைப் பார்த்தார், நின்றதைப் பார்த்தார்.

“நிக்கிறத எடுங்க. வெத அதுலதான் இருக்கு.”

ஏறினேன். பிடியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, இடைவெளியை இறுக்கினேன். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, பின்னால் போய் அள்ளி ஊதினேன். கையில் இரண்டே மணி. தொட்டியைப் பார்க்கவே இல்லை. எனக்கு என்னைத் தெரியும். மறுபடி அந்த நிறத்தைப் பார்த்தால் கை மறுபடி பிடிக்குப் போகும். காற்று எழும்பியதால் குடையை மடக்கி வைத்துவிட்டு ஓட்டினேன். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டு தரையிலிருந்த கதிரைத் தார்ப்பாயில் வாரினார்கள். கடைசி வரிசையில் இருக்கும்போது பெரிய துளிகள் விழத் தொடங்கின. தொட்டியை மூட்டைகளில் கொட்டி லாரிக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பக்கம் மழை வெள்ளைச் சுவராக வந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்ததில் பாதி நனைந்துவிட்டது. அதைப் பெரட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். முன்பு விடியலில் ஆள் கணக்கெடுத்த அந்தக் கொட்டகையில், கதிரைப் பரப்பிவிட்டு ஈரத்தோடு நின்றோம்.

லாரிக்குள் காய்ந்திருந்த மூட்டைகள் விதைக்குத்தான் போதும். பாய் அவற்றின் மேல் கையை வைத்து, “இத யாரும் தொடக்கூடாது” என்றார். நான் மட்டும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் விதைக்கு மேல் மிஞ்சியிருக்கும். கடையில் பல நாள் ரொட்டி அடுக்கியிருக்கலாம். பாய் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னபோதும், “மழைக்கு முன்னால வெதயாச்சும் தப்பிச்சுதே” என்று பேச்சை மாற்றினார். அது என்னைத் தவுக்கே பார்த்துக்கொண்டு நிற்பதைவிட மோசமாக இருந்தது.

கொட்டகையில் கிடந்த கதிரை அக்காவும் மற்றவர்களும் பிறகு கையால் அடித்துக் காயவைத்தார்கள். அதற்குள் சில மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்திருந்தது. அது விதைக்கு ஆகாது. அதைத்தான் பாய் அரைக்கக் கொடுத்தார். ஆக, பேராக்கில் விளைந்த கோதுமையில் சுட்ட அந்த ரொட்டி முழுவதும் நான் தரையில் கொட்டியது.

ரொட்டி வெளியே எடுக்கிற அன்று அக்கா தாப்பாவிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தார். தவுக்கே வந்தார். நானும் போனேன், கடைசி ஆளாக, வாசலுக்குப் பக்கமாகவே நின்றுகொண்டு. விதை மூட்டைகள் மாவு அறையில் ஒரு மூலையில் இருந்தன. அதைப் பற்றிப் பாய் அந்த நாள் வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மறுபடி நிலம் கேட்டாச்சா என்று கேட்டால், பார்ப்போம் என்பார். அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது.

அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி உப்பவில்லை. பலகைபோல் இருந்தது. பாய் ஆறவைத்து வெட்டினார். கத்தி வெளியே வந்தபோது அதில் பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது. முளைவிட்ட கோதுமை அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

“இது ரொட்டி இல்ல. யாரும் சாப்பிட வேணாம். நான் வேற தாரேன்.”

அக்கா அதற்குள் ஒரு துண்டை வாயில் போட்டிருந்தார். வெகுநேரம் மென்றார். நடுவில் ஏதோ கடிபட்டது. வாயிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“கல்லும் நம்ம தோட்டத்துக் கல்லுதான் பாய். இன்னொரு துண்டு வெட்டு.”

தவுக்கேயும் ஒரு துண்டை எடுத்துத் தேநீரில் தோய்த்தார். அது கரையவில்லை. அதை அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு விழுங்கினார். நானும் எடுத்தேன். பல்லில் ஒட்டியது. புளிப்பும் இனிப்புமாக ஏதோ ஒரு ருசி, அடியில் புகை வாசம். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. விட்டுவிடவும் முடியவில்லை.

பாய் கடைசியாக எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்து நின்றபடி மென்றார்.  மென்று முடித்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

“அடுத்த வருசம் உப்பு கொஞ்சம் கூட்டிப் போடணும்.”